பூசணிக்காயும் மேனேஜரின் வேட்டியும்

அடுத்தவர் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை நான் முறையாகப் படித்தவன். விழுவதற்கு மட்டும் எனக்குப் படிப்பே தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கிளாசுக்கு ஓட, நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோவில் சேர்ந்தேன். ("அவனவன் ஜாவா படிக்கிறான், எம் புள்ள ஹெல்மெட் படிக்கிறான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.) முடிவில் ஹெப்பகோடி தொழிற்சாலை ஒன்றில் ஒரு மாதப் பயிற்சி. அதன் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் டிப்ளமோ.

அந்த ஒரு மாதமும் எல்லோர் உயிரையும் வாங்கினேன். லேத் ஓட்டும் செல்வராஜ் அண்ணன் என் தலையைக் கண்டாலே மெஷினை நிறுத்திவிடுவார்.

"நீ அந்தாண்ட போ தம்பி, அப்புறம் ஓட்றேன். அதான் எனக்கு சேஃப்டி."

பயிற்சியின் கடைசி நாள் ஆயுதபூஜை. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காயைப் போட்டு உடைத்ததும், அண்ணன் துடைப்பத்தோடு வந்தார்.

"விடுங்கண்ணா, அப்படியே கெடக்கட்டும். எப்படி வழுக்கும்னு மேனேஜருக்குக் காட்டணும்."

"வாயால சொல்லேம்பா."

"கண்ணால பாத்தாதான் கையெழுத்துப் போடுவாரு."

மேனேஜர் மஞ்சுநாத் சார் பட்டு வேட்டியில் வந்தார். நான் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "சார், இங்க கால் வெச்சா என்ன ஆகும் தெரியுமா?" என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

தெரிந்துவிட்டது. இரண்டு கால்களும் வானத்தைப் பார்த்தன. பிடிமானத்துக்குத் துழாவிய கையில் பட்டு அகப்பட்டது. அது என்னோடு தரைக்கு வந்தது. நூறு குடும்பங்கள் எட்டிப் பார்த்தன. கோடு போட்ட அரை டிராயரில் நின்றவரின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"என்னப்பா, ஆக்சிடெண்ட் ஆச்சில்ல? நீயே எழுது."

எழுதினேன். காரணம்: பாதுகாப்பு மாணவரின் பேச்சு. காயம்: இடுப்பு.

"சேதம்னு ஒரு கட்டம் காலியா இருக்கே?"

டிப்ளமோ போனது போனதுதான் என்று நினைத்து, 'மேனேஜரின் வேட்டி (தற்காலிகமாக)' என்று எழுதி நீட்டினேன். படித்தார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்காமலே என் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். அது கோணல்மாணலாக விழுந்ததால், கல்லூரியில் கள்ளக் கையெழுத்தா என்று விசாரித்தார்கள்.

இன்று நான் சேஃப்டி ஆபீசர். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், என்னைக் கண்டதும் மனைவியின் தம்பி வேட்டிமேல் பெல்ட்டை இறுக்கிக்கொள்கிறான். ஏன்டா என்றால், "நீங்க சொல்லிக்குடுத்த சேஃப்டிதான் மாமா" என்கிறான்.