சோபாக்காரர் ஒளிந்த இடம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. ஒரு மனுஷனுடைய இடது காலைப் பற்றியது. உங்கள் கால் இரண்டும் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு அப்புறம் கேளுங்கள்.

சோபா தைக்கிறவர் ஒருவர். தெருவில் சோபாக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய சோபாவின் துணியை உரித்து, ஸ்பிரிங்கை இறுக்கி, மெத்தை வைத்து, புதுத் துணி போர்த்தி ஆணி அடித்துக் கொடுப்பார். அந்தக் குட்டை ஆணிகளைக் கடலை மாதிரி ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி எடுத்து அடிப்பார். வளைந்த ஊசி ஒன்று வைத்திருந்தார். கையளவு நீளம். அதைக் காது மடலில் சொருகிக்கொண்டு சந்தைக்கே போய் வருவார். இத்தனை ஆணிக்கும் ஊசிக்கும் நடுவே குடித்தனம் நடத்துகிறவருக்கு ஆஸ்பத்திரி ஊசி என்றால் மட்டும் ஆகாது. கேட்டால், அது சோபாவுக்குள்ளே போகிறது, இது எனக்குள்ளேயல்லவா போகிறது என்பார். நியாயம்தான்.

அவருக்கு உடம்பில் சர்க்கரை உண்டு. ஒருநாள் தேக்குச் சட்டம் ஒன்று நழுவி இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. புண்ணாயிற்று. புண் ஆறவில்லை. கூடத்தில் தையல் மிஷினில் சோபா உறை தைத்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரி, ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வரச் சொன்னாள். தான் செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன் என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் சபதம் போட்டுவிட்டு, அவர் நேரே போனது ஊசியில்லா டாக்டரிடம்.

டயர் கடை மாடியில் இருந்தார் அந்த டாக்டர். வாசலில் பெரிய பலகை. ஊசி இல்லை, கத்தி இல்லை, பத்தியம் இல்லை என்று சிவப்பு எழுத்து.

"படிப்பு இல்லைங்கிறதை மட்டும் எழுத விட்டுட்டாரு" என்றாள் வீட்டுக்காரி.

டாக்டர் தார் மாதிரி ஒரு கறுப்புக் களிம்பை விரலில் அப்பி, கணுக்கால் வரைக்கும் துணி சுற்றி இறுக்கிக் கட்டினார். சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். கட்டைப் பிரித்தால் மருந்து கோபித்துக்கொள்ளும் என்றார். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். வலி போச்சா? போச்சுன்னா வியாதி போச்சு.

வலி போனதென்னவோ நிஜம். சோபாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்கு நன்றிக்கடனாக நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்குக் கூலி வாங்காமல் மெத்தை தைத்துக் கொடுத்தார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். கையில் இருக்கிற கட்டைவிரல்தான். காலில் இருந்தது தூக்குகிற நிலையில் இல்லை. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி டாக்டர் மாடிப்படியில் மாட்டினார். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் சோபாக்காரர் அங்கே அனுப்பினார். தெருக்கோடி லாரி டிரைவருக்கும் சர்க்கரை, அவருக்கும் காலில் புண். அவரைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

இப்போதுதான் பயப்படுகிற இடம் வருகிறது.

ஒரு நாள் காலை, சோபாக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். கூடம் பெருக்க வந்த வீட்டுக்காரி கட்டுத் துணிக்கு வெளியே தெரிந்த குதிகாலைப் பார்த்தாள். நடுவில் வட்டமாக ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தாள். சோபா ஆணி. தலைவரைக்கும் உள்ளே ஏறியிருந்தது.

அவள் கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது.

"ஏங்க, கால்ல ஏதாவது உறுத்துதா?"

"ஒண்ணுமில்லையே. பூ மாதிரி இருக்கு."

அவள் போய் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆணித் தலையைப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். அது வந்தது. அவள் இழுக்க இழுக்க அவர் டீ குடித்துக்கொண்டே இருந்தார். ஆணி முழுசாக வெளியே வந்தபோது, டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் என்றார்.

ஆணியைக் கண் முன்னால் நீட்டிக் காட்டினாள். அவருக்கு ஒரே பெருமை.

"பாத்தியா டாக்டர் மருந்தோட மகிமையை. ஆணியே ஏறினாலும் வலிக்கல."

வலி போகவில்லை, கால்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. குனிந்திருந்தபோது கட்டுத் துணிக்குள்ளிருந்து வந்த வாடையை ஊதுவத்தி வைத்து மறைக்க முடியாது. எலி செத்துக் கிடக்கிற அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கையைக் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தைக்க நூல் இல்லை, வாங்கி வருகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வரச் சாயங்காலம் ஆயிற்று. கூடையில் நூல் இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

ஏனென்றால் அதற்குள் தெருவில் சேதி வந்துவிட்டது. லாரி டிரைவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்களாம்.

மறுநாள் காலையில் டயர் கடை முன்னால் திருவிழாக் கூட்டம். டிரைவரின் தம்பி பலகையைப் பிடுங்கிக் கீழே போட்டான். கல் பறந்தது. களிம்பு டப்பாக்கள் நடுரோட்டில் உருண்டன. டாக்டரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஒரு கூட்டம் கத்தியது. அவர் தெய்வம், டிரைவர்தான் கட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் சேராத சிலர், உருண்ட டப்பாக்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்கள். ஊசியில்லா டாக்டர் பின்பக்கக் குழாயைப் பிடித்து இறங்கி எப்போதோ போய்விட்டார். மாடிப்படியில் மிஞ்சியது ஒரே ஒரு முகம். கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற சோபாக்காரர் முகம்.

இதையெல்லாம் வீட்டுக்காரி வந்து சொன்னபோது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். டிரைவரின் தம்பி ஆள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுகிறவன்.

"போட்டோவை என்ன பண்ணினாங்க?"

"கழட்டிக் கையில வச்சிருக்காங்க. இந்த ஆளு வீடு எதுன்னு கேக்குறாங்க."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

சோபாக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஏற்கெனவே ஓடுகிற நிலையில் இல்லை. பட்டறை மூலையில் மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. அதற்குள் போய்ச் சுருண்டு படுத்தார். அவள் மேலே கோணித்துணியைப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு ஸ்பிரிங் அவர் விலாவில் குத்தியது, இன்னொன்று வேறு இடத்தில் குத்தியது. மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரியின் குரல் மட்டும்தான் கேட்டது. அவர் வீட்டில் இல்லை என்றாள். நாலு பேரும் இப்படி உருட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி என்றாள். கால் கணக்குக்குக் கால்தானா, மனுஷத்தன்மை இல்லையா என்று கேட்டாள். கடைசியாக, சரி, சாயங்காலம் வாருங்கள் என்றாள்.

கால் கணக்குக்குக் கால் என்ற இடத்தில் சோபா முழுசும் நடுங்கியது.

கதவைச் சாத்திவிட்டு வந்து கோணியை விலக்கினாள். அவர் பேயறைந்த மாதிரி எழுந்து உட்கார்ந்தார். தங்கை வீட்டுக்குப் போய்விடட்டுமா என்று கேட்டார். அங்கேதான் முதலில் தேடுவார்கள் என்றாள். பஸ் ஸ்டாண்டில் போய் எந்தப் பஸ்ஸாவது ஏறிவிடுகிறேன் என்றார். டிரைவர் ஆட்கள் இல்லாத பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்றாள். பரண்மேல் ஏறிக்கொள்ளட்டுமா என்றார். அவள் அவருடைய தொப்பையைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள்.

"அப்ப நான் எங்கதான் போறது?"

"நீங்க போகவே மாட்டீங்கன்னு ஊருக்கே தெரிஞ்ச எடமா இருக்கணும். அப்படி எந்த எடமும் எனக்குத் தோணலையே."

அவர் யோசித்தார். அவள் கோணித்துணியை மடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆஸ்பத்திரி."

"ஐயோ, அது மட்டும் வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்? நான் அங்க இருப்பேன்னு எவன் நினைப்பான்?"

"ஊசி போடுவாங்க."

"ஒரு ஓரமா பெஞ்சில உக்காந்துட்டு இருட்டினதும் வந்துடறேன்."

"சும்மா உக்கார விடுவாங்களா? ஏதாவது வியாதி இருந்தாத்தான் உள்ளயே விடுவாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் குணமாயிடுச்சே."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு இவ்வளவுதான் புத்தி என்று நினைத்திருக்க வேண்டும்.

"அட, கால் இருக்கே. அதைக் காட்டுவேன்."

வேண்டாம் வேண்டாம் என்று அவள் இன்னும் இரண்டு தடவை தடுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு உயிரை விட முடியுமா? அவசரப்படுத்தி அவளையும் இழுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, நொண்டி நொண்டி வண்டி பிடித்துப் போய், செத்தாலும் ஏறமாட்டேன் என்ற படியைத் தானே முதல் ஆளாக ஏறினார்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சின்னப் பெண். கட்டைப் பிரித்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். சோபாக்காரர் கட்டுப் போட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது கட்டைவிரல் மாதிரியே இல்லை. அடுப்பில் விழுந்த கத்திரிக்காய் மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டாள். எப்போது தொடுவீர்கள் என்று இவர் கேட்டார். அவள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

விரல் போய்விட்டது, அதைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னாள். இன்றைக்கே எடுத்துவிட்டு ஊசி மருந்து போட்டால் கால் நிற்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலும் இல்லை, ஆளும் இல்லை. சோபாக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். வீட்டுக்காரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் கட்டையோடு வந்தவர்களிடம் அவ்வளவு தைரியமாகப் பேசியவள் இப்போது ஏன் அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

உடையை மாற்றி, பின்பக்கம் திறந்து கிடக்கிற பச்சை அங்கி ஒன்றைப் போட்டு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாக் கட்டிலிலும் ஆள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தடியன் காலை நீட்டிப் படுத்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான்.

டிரைவரின் தம்பி.

சோபாக்காரர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். இழுத்து என்ன பிரயோசனம்? பக்கத்துக் கட்டிலிலிருந்து லாரி டிரைவரின் குரல் வந்தது.

"வாங்கண்ணே. நேத்தே அக்கா வந்து அழுதுட்டுப் போனாங்க, எப்படியாவது உங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு. இந்தக் கட்டில் கைமாறிடக் கூடாதுன்னு என் தம்பிதான் முறை போட்டுப் படுத்துக் கெடக்கான். காலையில அந்தக் கடைக்குப் போய்ப் பலகையை உடைச்சுட்டு மறுபடி வந்து படுத்துக்கிட்டான்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. அது முதலில் தம்பியைப் பார்த்தது. அப்புறம் டிரைவரின் போர்வையைப் பார்த்தது. வலது பக்கம் மேடாக இருந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அந்தத் தட்டையான இடத்திலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்மேல கோபம் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு. இல்லாத காலு அரிக்குது, சொறிய எடமில்லை. கோபம் வராம இருக்குமா? ஆனா நீங்களும் அதே கட்டைத்தானே கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க" என்றார் டிரைவர். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. தம்பி இங்கே படுத்துக் கிடந்தான் என்றால் கதவைத் தட்டிய அந்த நாலு பேர் யார்? அது அவருக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நாலு பேரும் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மாதான். இரண்டு கையாலும் கதவைக் குத்திவிட்டுச் சிரிப்பு வந்துவிடும் என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். பேசியது முழுக்க வீட்டுக்காரி. எதிரே ஆளே இல்லை.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டோடு வந்தாள். தட்டில் ஊசி. டிரைவரின் தட்டையான போர்வை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். ஒரு நிமிஷம் போர்வைதான் ஜெயித்தது. அப்புறம் நர்ஸ் ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஒரு சொட்டுத் தெறிக்கவிட்டாள். அவ்வளவுதான். கூட்டம் எதுவும் துரத்தவில்லை என்று தெரிந்த பிறகு இங்கே என்ன வேலை? பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்து, அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டிலடியில் பேண்டைத் தேடினார்.

பேண்ட் இல்லை. சட்டை இல்லை. செருப்பும் இல்லை.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வீட்டுக்காரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். கூடைக்கு வெளியே அவருடைய பேண்டின் ஒரு கால் தொங்கியது. நின்று அதை உள்ளே மடித்துத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.