ஏழு நிமிட வெந்நீர்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஐலி தலையில் நுரையோடு சமையலறையில் வந்து நின்றாள். பாதிக் குளியலில் வெந்நீர் தீர்ந்திருந்தது. மிச்சிகனின் வடகோடியில் டிசம்பர் மாதத்துப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் மண்டை விண்ணென்று தெறிக்கும்.

"ரெய்னோ, அந்த ஹீட்டரை எப்பதான் மாத்தப் போற?"

"தானா உயிர விடட்டும். அப்ப பாத்துக்கலாம்."

அவள் கணவர் ரெய்னோ காகித ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவர். நிலவறையில் நிற்கும் பத்தொன்பது வயது ஹீட்டர் தொட்டியை இன்னொருத்தன் வந்து கழற்றிக்கொண்டு போவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஐலிக்கு வேண்டியதோ ஒரே ஒரு முழுக் குளியல். வேலைக்குப் போகுமுன் சுடச்சுட நின்று குளித்தால் போதும் என்று அவள் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

முதலில் சூட்டைக் கூட்டிவைத்தார். தண்ணீர் மூன்று நிமிடம் தோலை உரித்தது, பிறகு பனிக்கட்டியாய்க் கொட்டியது. அடுத்து உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பியை மாற்றினார். தண்ணீர் துருநிறத்தில் வந்து ஐலியின் வெள்ளைச் சட்டைகளைக் காவியாக்கியது. கடைசியில் குளியலறைக் கதவில் அட்டவணை ஒட்டினார்: ஆளுக்கு ஏழு நிமிடம், அதற்கு முன் பாத்திரம் கழுவக் கூடாது. முட்டை வேகவைக்கிற மணிக்கடிகாரத்தையும் சோப்புத் தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"அறுபத்திரண்டு வயசுல மணியடிச்சுக் குளிக்கணுமா நான்?" என்றாள் ஐலி.

"ஆலையில நாங்க அஞ்சு நிமிஷத்துல குளிச்சோம்."

அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஜனவரி முழுக்க ஒரு புகாரும் இல்லை. குளியலறையில் மணி அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. அவளுடைய துண்டு காய்ந்தபடியே தொங்கியது. ஷாம்பூ புட்டி இருந்த இடம் காலியாக இருந்ததால் ரெய்னோ அங்கே தன் இடுக்கியை வைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் அவள் ஈரத் தலையோடு வந்தால், தங்கை வீட்டு சவுனாவில் நீராவிக் குளியல் முடித்து வருகிறாள் என்று எடுத்துக்கொண்டார். இவர்கள் வீட்டு சவுனாவில் பல வருடமாக அவருடைய பழைய குழாய்கள்தான் குடியிருந்தன. காப்பிக் கடையில் நண்பர்களிடம், பெண்டாட்டியை ஒரு மணியை வைத்துத் திருத்திவிட்டேன் என்று பெருமையடித்தார். அவர்கள் ஏனோ சிரிக்கவில்லை.

பிப்ரவரியில், தன் தங்கைக்கு இடுப்பு வலி என்று சொல்லி ஐலி கிளம்பிப் போன மூன்றாம் நாள், ரெய்னோ ஹீட்டரின் அடிவண்டலைக் கழுவிவிடலாம் என்று இறங்கினார். வண்டல் போனது. ஓட்டைகளை அதுநாள்வரை அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். சாயங்காலத்துக்குள் நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

ஈரக் காலுறையோடு படியில் உட்கார்ந்தபோது அவருக்கு முதன்முறையாக வெட்கமாக இருந்தது. நுரைத் தலையோடு நின்ற ஐலியின் முகம் கண்முன் வந்தது. என்ன மனுஷன் நான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். அட்டவணையைக் கிழித்தார். அவள் திரும்பி வருவதற்குள் ஊரிலேயே பெரிய ஹீட்டரை மாட்டிவிட வேண்டும். கதவைத் திறந்ததும் சொல்ல வேண்டிய மன்னிப்பை இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, பிளம்பர் கர்ட்டிஸுக்குப் போன் போட்டார்.

கர்ட்டிஸ் வந்ததும் தொப்பியைக் கழற்றி, "எப்படிண்ணே சமாளிக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தண்ணிதானேப்பா, இறைச்சுடலாம். இருக்கறதுலயே பெரிசாப் போடு. ஐலி எவ்வளவு நேரம் நின்னாலும் தீரக் கூடாது."

கர்ட்டிஸ் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தினான். "வீட்ல எத்தனை பேருண்ணே?"

"இதென்ன கேள்வி? ரெண்டு பேரு."

கர்ட்டிஸ் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான்.

"இல்லண்ணே... கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட ஏரிப்பக்கத்துச் சின்ன வீட்டுல ஐலி அண்ணிக்குப் புது ஹீட்டர் மாட்டினேன்ல, அங்க ஒரு ஆளுக்குன்னுதானே சொன்னாங்க."