கோட்டை விட்டவர்

செவ்வாய்க்கிழமை தனக்கு லீவு என்பதை மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது என்று நெட்வொர்க் முடிவெடுத்தார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் பார்க்கும் வேலை அவருக்கு. அதனால் தெருவே வைத்த பெயர்தான் 'நெட்வொர்க்'.

அந்த ஒருநாளில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரை மரத்தடியில் மல்லாந்து படுத்து, மேகம் போவதைப் பார்க்க வேண்டும். பத்து வருஷக் கனவு. விஷயம் மனைவிக்குத் தெரிந்தால் மேகம் போய்ப் பரண் வந்துவிடும். பரணைச் சுத்தம் செய்வது அந்த வீட்டில் நாலு வருஷமாக அவர் வாய்தா வாங்கிவரும் வழக்கு.

ஆபீசில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு புள்ளி வைப்பார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் திருடன் தாவ வழியிருந்தால் கோடு போடுவார். பிறகு எந்தக் கோட்டை வெட்டினால் திருடன் திணறுவான் என்று பார்ப்பார். வீட்டுக்கும் அதையே செய்தார். தாளின் இந்த ஓரத்தில் 'லீவு' என்று ஒரு புள்ளி. அந்த ஓரத்தில் மனைவி, பெரும்புள்ளி.

மேனேஜர் தன் மனைவியிடம் உளறுவார். அந்த அம்மாளும் இவர் மனைவியும் தினம் காலையில் சேர்ந்து நடக்கிறவர்கள். "சார், வீட்டுக்கு சர்ப்ரைஸ்" என்று மேனேஜர் வாயைக் கட்டினார். ஒரு கோடு வெட்டு. போன் காலண்டரை மகள் நோண்டுவாள். குறிப்பை அழித்தார். அதுவும் வெட்டு. ஆபீஸ் வேன் வாசலுக்கு வராவிட்டால் சந்தேகம் வருமே! "வர்ற வாரம் தெருமுனையில ஏறிக்கிறேன்" என்று டிரைவரிடம் சொல்லிவைத்தார். தாளை டிராயரில் பூட்டினார்.

ஞாயிறு மத்தியானம் நிம்மதியாக ஈசிசேரில் சாய்ந்தார். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. கண்ணுக்குள் ஏரி வந்தது, தண்ணீர் தளும்பியது. மேகம் ஒன்று கீழே இறங்கிவந்து, பூப்போன்ற குரலில் என்னவோ கேட்டது. இவரும் என்னவோ சொன்னார். அவ்வளவு சுகமாக அவர் தூங்கியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பையும் கையுமாக வந்தால், கூடத்தில் ஏணி நின்றது.

"என்னங்க, பழைய சட்டையா ஒண்ணு மாட்டிக்கிட்டு வாங்க. தூசி."

"ஆபீசுக்கு நேரமாச்சும்மா!"

"எந்த ஆபீஸ்? ஏரிக்கரை ஆபீஸா?"

நெட்வொர்க் அந்த நிமிஷமே அறுந்துபோனது.

"யாரு... மேனேஜர் வீட்ல சொன்னாங்களா?"

"அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்."

"வேன் டிரைவரா?"

"அவரும் இல்ல. ஞாயித்துக்கிழமை தூக்கத்துல சிரிச்சீங்க. என்னங்க சிரிக்கிறீங்கன்னு மெதுவாத்தான் கேட்டேன். கிழமை, ஏரி, மரம், டிராயர் சாவி வெச்ச இடம், எல்லாம் ஒப்பிச்சிட்டீங்க."

அவள் அந்தத் தாளை விரித்தாள். நடுவில் புதிதாக ஒரு புள்ளி: 'நீங்க'. அதிலிருந்து பெரும்புள்ளிக்கு நேராக ஒரு கோடு.

"ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் புள்ளி வெச்சீங்க, உங்களை மறந்துட்டீங்களே! அத்தனை கோட்டையும் வெட்டிட்டு, இந்த ஒரு கோட்டை விட்டுட்டீங்க."

அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"பத்து வருஷமா... ஒரே ஒரு மேகம்..."

அவள் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல ஏறி ஒரு தட்டு தட்டுங்க. கூட்டம் கூட்டமாக் கிளம்பும்."