ஐந்தருவியைக் காலி செய்தவள்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீரைத் தவிர மற்ற எல்லாத் தண்ணீருக்கும் பயம். அதற்கு அடுத்தபடியாக உயரம், குரங்கு, பாசி பிடித்த படி. இப்படிப்பட்ட ஒருத்தியைத் தாம்பரத்திலிருந்து குற்றாலத்துப் பக்கம் இலத்தூர்க் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பெண் பார்த்த அன்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டு வீட்டாரும் கேசரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது சென்னையில். சீசன் தொடங்கியதும் மாமாவிடமிருந்து (என் மாமனார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்) போன் வரும். “சாரல் விழுந்துட்டு. லீவு சொல்லிட்டு வாங்க.” அது அழைப்பு இல்லை, உத்தரவு. அந்த வருஷம் என் மகள் மகிழினிக்கு நான்கு வயது. போய் இறங்கியதுமே மாமா திட்டத்தை அறிவித்தார். முதல் நாள் பண்பொழி மலைக்கோயில், படி ஏறித்தான். மறுநாள் பழைய குற்றாலம். மூன்றாம் நாள் ஐந்தருவியில் பேத்திக்கு முதல் குளியல்.

மலைப்படியை எப்படியோ ஏறிவிட்டேன். (கைப்பிடிச் சுவரில் இன்னும் என் நகக்குறி இருக்கலாம்.) பழைய குற்றாலத்தில் தலைவலி என்றேன். மூன்றாம் நாளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

“பயமா இருந்தா நீ கரையில இரிட்டி. பிள்ளைய நான் கொண்டுட்டுப் போறேன்” என்றார் அத்தை.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு எதுவும் இல்லை. அத்தை அருவியின் ஓரத்தில் நிற்கிறவர் அல்ல. இடி மாதிரி விழுகிற நடுவில் போய் நிற்கிறவர். மாட்டேன் என்றாலோ, ‘பிள்ளைய நம்பித் தரமாட்டேங்கா’ என்று ஆகிவிடும். பெண்கள் பக்கத்துக்கு என் கணவர் செல்வமும் வர முடியாது. நானே ஒரு வழி சொன்னேன்: “முதல்ல நான் மட்டும் போய்ப் பாக்கறேன் அத்தை. அப்புறம் மகிழைக் கூட்டிட்டுப் போறேன்.” மகிழினியை மாமாவின் தோளில் ஏற்றிவிட்டேன்.

வழியெல்லாம் சாரல். அது மழையும் இல்லை, பனியும் இல்லை. காற்றே கொஞ்சம் கரைந்து முகத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பஜ்ஜிக்கடைப் புகை, நனைந்த சேலைகள், எண்ணெய் மினுங்கும் முதுகுகள், எல்லாமே தூக்கத்தில் பார்க்கிறவை போல மெதுவாக நகர்ந்தன. அதற்கு நடுவிலும் மாமா, ஷாம்பு பாக்கெட் வைத்திருந்த யாரோ ஒருவரை நிறுத்தி, அருவியில் சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்று நீண்ட வகுப்பு எடுத்தார். விதி என்றால் விதி அவருக்கு.

அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். முதல் அடி உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு நின்றது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்தேன். அப்புறம் சத்தம் மட்டும் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் வேறெதுவும் நுழைய முடியவில்லை. என் மண்டைக்குள் எந்நேரமும் ஓடுகிற ‘அப்படி ஆகிவிட்டால்?’ கூட. தோள்கள் தாமாக இறங்கின. யாருக்கு அம்மா, யாருக்கு மருமகள், எதுவும் நினைவில்லை. வெள்ளையாக ஒரு நிம்மதி என்னைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம், மகிழையும் கூட்டி வரலாம் என்று நினைத்தபடி கண்ணைத் திறந்தேன்.

காலடியில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. நுரை. அதில் பச்சைப் பச்சையாக இலைத்துணுக்குகள்.

இரண்டு நாளாகக் கைபேசியில் நான் படித்ததெல்லாம் கண் முன்னே வந்தது. நிறம் மாறினால், இலை தழை மிதந்து வந்தால், உடனே வெளியேறவும்.

“வெள்ளம்! வெள்ளம் வருது! எல்லாரும் வெளிய ஓடுங்க!”

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே அன்றுதான் தெரியும். (பிரசவத்தின்போதுகூட, “சிஸ்டர், கொஞ்சம் வலிக்குது” என்றுதான் சொன்னேன்.)

“ஏட்டி, வெள்ளமாம்ட்டி!” என்று யாரோ அலறினார்கள். பெண்கள் பக்கம் காலியானது. அதைப் பார்த்து ஆண்கள் பக்கமும் காலியானது. அத்தையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தேன். அவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. (“இரிட்டி, தலைய அலசிக்கிடுதேன்” என்பதுதான் அது என்று பிறகு தெரிந்தது.) நல்ல வேளை, யாரும் விழவில்லை.

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் வந்தார். “யாரும்மா சத்தம் போட்டது?”

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின.

“நிறம் மாறினா ஓடணும்னு தெரிஞ்சு வச்சிருக்கிய, நல்லதுதான். ஆனா மேல பாக்கணும்மா, கால்ல பாக்கக்கூடாது. பாருங்க, பால் மாதிரி விழுது.”

உண்மைதான். மேலே வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. அப்படியானால் அந்தப் பழுப்பு? அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். துண்டைத் தலையில் இறுக்கிச் சுற்றியிருந்தார். காதுக்குப் பின்னாலிருந்து பழுப்பாக ஒரு கோடு கழுத்தில் இறங்கியது. நெற்றியோரம் அரைத்த செம்பருத்தி இலை ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மகிழினியோடு மாமா வந்து நின்றார். “என்ன ஆச்சு?”

நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் பயம். இன்னொரு முகத்தில் அதைப் பார்த்தால் தெரியாதா? ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அத்தை பயந்து பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல மாமா. பயத்துல எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிடுச்சு.”

கரையே சிரித்தது. “எக்கா, உங்களால என் ஒத்தச் செருப்பு போச்சு” என்றாள் ஒருத்தி. ஆனால் மறுபடி இறங்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

“பாத்தியளா? இனி நீங்க முதல்ல போனாத்தான் மத்தவங்க வருவாங்க. போங்க” என்றார் பெண் போலீஸ்.

அதற்குள் மகிழினி மாமாவின் தோளிலிருந்து என் கழுத்துக்குத் தாவியிருந்தாள். எடுத்தால் அழுவாள். “அம்மா, யாருமே இல்லம்மா. எல்லாம் நமக்கு!”

சீசனில் ஆளே இல்லாத ஐந்தருவியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கம்பிகள் வெறுமையாக இருந்தன. நீர்ப்புகை எழுந்து அலைந்தது. அந்த வெண்மைக்குள் பிள்ளையோடு நடந்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையிலும் மகள் இருந்தாள். ஓரத்துச் சிறு தாரையில் நின்றோம். அவள் கீச்சிட்டாள், பிறகு வாயைத் திறந்து அருவியைக் குடித்தாள்.

எங்கள் பின்னாலேயே இன்னொருவரும் தைரியமாக வந்தார். அத்தை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, துண்டை அவிழ்த்து, மிச்சத்தையும் அலசி முடித்தார்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது, “குற்றாலத்துல ஒரே கூட்டம்” என்று சலித்துக்கொண்டால் போதும். “எங்க மருமவள அனுப்புதேன். ஒரே சத்தம், அருவி காலி” என்பார் மாமா. நான் குளிக்கப் போனால், தண்ணீர் என்ன நிறம் என்று குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்பார் செல்வம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அத்தைதான்.

இதை எழுதுவதற்கு முன் அத்தைக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன்.

“உங்க மாமாவும் படிப்பாவளோ?”

“படிப்பாங்க அத்தை.”

“சரி, எழுதிக்கோ. எத்தன நாளைக்குத்தான் நீயே கேலிப்பேச்சு வாங்குவ? ஆனா ஏட்டி, கடைப்பொடின்னு மட்டும் எழுதிராத. நானே வெயில்ல காயப்போட்டுத் திரிச்ச சீயக்காய்னு எழுது.”