ரொட்டிக்காரரை முதலில் அடித்தவன் நான்தான்

லிமா நகரம், மேட்டுத் தெரு
செவ்வாய்க்கிழமை

அண்டை அயல் பாதுகாப்பு ஆய்விதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர் எவாரிஸ்தோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் நலம். எதிர்வீட்டு ஹெர்மிலாவின் கட்டுரையைப் போடாத வரைக்கும் தாங்களும் தங்கள் இதழும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

திருட்டைத் தடுத்த வழிகளை ஊர் ஊராகத் திரட்டிப் போடுகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு பக்கமாம், அதுவும் ஹெர்மிலாவுக்காம், புகைப்படத்தோடு. கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. பொறாமைதான் ஐயா, மறைப்பானேன். இந்தத் தெருவுக்கு விசில் கொண்டுவந்தது யார்? நான். வீட்டுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு விசில். அறிமுகமில்லாத ஆள் என்றால் ஒரு ஊதல், திருடன் என்றால் இரண்டு என்று பலகையில் எழுதியும் மாட்டினேன். மறுநாள் காலை ரொட்டிக்காரர் ஃபௌஸ்தினோ மூன்று சக்கர வண்டியில் வந்து, என்றும்போல ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். இரண்டு சத்தம், திருடன்தான் என்று தெருவே விளக்குமாறோடு இறங்கிவிட்டது. முதல் அடி என்னுடையது. பனிமூட்டத்தில் முகம் தெரியவில்லை ஐயா. மனுஷன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியவர்தான், இரண்டு வாரம் தெருவில் ரொட்டி இல்லை, என்னோடு பேசவும் ஆள் இல்லை.

அப்போதுதான் இந்த ஹெர்மிலா சோளம் அவித்து எடுத்துக்கொண்டு அவரைச் சமாதானம் செய்யப் போனாள். போனவள் சும்மா வந்தாளா? "அண்ணே, ரெண்டு வேளையும் எல்லா வாசலுக்கும் வர்றது நீங்க ஒருத்தர்தான். யாரு ஊர்ல இல்ல, எந்தக் கதவு தொறந்து கெடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஏதாச்சும் சரியில்லன்னு பட்டா ஹாரன விடாம அமுக்குங்க, நாங்க ஓடியாந்துடறோம்" என்று பேசி முடித்துவிட்டாள். மாதம் இரண்டு திருட்டு நடந்த தெருவில் எட்டு மாதமாக ஒன்றுகூட இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொண்டார்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ரொட்டிக்காரர அடிச்சது நீங்கதானா?"

நான் அடிக்காவிட்டால் அவள் எதற்குச் சோளம் அவிக்கப்போகிறாள்? இதை ஆய்வாளர்கள் யோசித்தார்களா? ஆகவே கட்டுரையை நிறுத்துங்கள், இல்லையென்றால் என் பெயரில் போடுங்கள். யார் தயவும் எனக்கு வேண்டாம், என் வீட்டைக் காக்க என் கழுத்து விசில் போதும்.

உங்கள் வீட்டுப் பூட்டு உங்கள் சாவிக்கு மட்டுமே திறக்கட்டும். பிள்ளைகுட்டிகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
எவாரிஸ்தோ

பி.கு.: சாயங்காலம் இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கக் கடைக்குப் போனேன். இருந்த கோபத்தில் கதவைப் பூட்டவில்லை. திரும்பி வந்தால் ஃபௌஸ்தினோவின் ஹாரன் நிற்காமல் அலறுகிறது, தெருவே கூடி ஒருவனை மறித்து நிற்கிறது, அவன் தோளில் என் காஸ் சிலிண்டர். நானும் விசிலை எடுத்து ஊதினேன், வெறும் காற்றுதான் வந்தது. ஹெர்மிலாதான் சிலிண்டரை என் வாசல்வரை உருட்டி வந்தாள். "வெளிய போனா கதவப் பூட்டுங்கண்ணே" என்றாள், அவ்வளவுதான். கட்டுரை அவள் பெயரிலேயே வரட்டும். இன்று தெருவே சேர்ந்து நின்று எடுத்த புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது நான், தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.