மூக்கருக்குச் சளி பிடித்த பத்து நாள்

சேலம் ஜில்லாவில் மூக்கு என்று ஒன்று இருந்தால் அது மூக்கருக்கு மட்டும்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் இருந்தது மூச்சு விட இரண்டு ஓட்டை.

அவர் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. முதலாளியே மூக்கர் என்றுதான் கூப்பிடுவார். நேரில் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். சப்பை மூக்கு. கண்ணாடி போட்டால் நிற்காது.

அயோத்தியாப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம், ஆத்தூர் ரோட்டின் மேல் எங்கள் சேகோ பேக்டரி இருந்தது. ஐம்பதுகளின் கடைசி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்துத் தொட்டியில் தெளிய விடுவோம். அடியில் தங்கும் மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் உருண்டு உருண்டு ஜவ்வரிசி ஆகும். அதை எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுத்து வெயிலில் காயப் போட வேண்டும். நான் அடுப்புக்குத் தீ போடுவேன். மூக்கர் தட்டில் எண்ணெய் தடவி வறுப்பார். ஏழு வருஷம் அப்படி. பேச்சு அதிகம் இருக்காது. எனக்குப் பேச வராது. அவருக்குப் பேசினால் வாசனை கலைந்துவிடும்.

காலையில் நான் உள்ளே நுழையும்போதே சொல்வார்.

"நேத்துக் கருவாடு. பிள்ளைக்குக் காய்ச்சல், கசாயம் வெச்சிருக்கே. பஸ்சுல வரல, நடந்து வந்திருக்கே."

மூன்றும் சரியாக இருக்கும். நான் தீயைப் பற்ற வைப்பேன்.

பால் தொட்டியை மோந்துவிட்டு, "மூணாவது தொட்டி நாளைக்குப் புளிக்கும்" என்பார். மறுநாள் புளிக்கும். புளிக்காவிட்டால் தொட்டியின் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை முதலாளி நெற்றி நிறைய நாமத்தோடு வந்து வறுபடுவதை எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோழி வாசனையில ஜவ்வரிசி வாசனை தெரியல."

இருபது பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு புரட்டாசி மாதம் முழுக்க முதலாளி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அவர் பக்கத்தில் நிற்பார்.

இன்னொரு வருஷம், தட்டுக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. முதலாளி ஆட்களை வரிசையில் நிறுத்தினார். மூக்கர் ஒவ்வொரு தலையாக மோந்துகொண்டு போனார்.

"சொந்த எண்ணெய் மூணு தலை. கம்பெனி எண்ணெய் பதினொண்ணு."

"யார் யாருப்பா?"

"பேரு எதுக்குங்க முதலாளி. அதுல உங்க மச்சானும் இருக்காரு."

விசாரணை அத்தோடு முடிந்தது. ஆனால் மூக்கர் விடவில்லை. அவராகவே ஒரு ஏற்பாடு செய்தார்.

பேக்டரியில் இன்னொரு எண்ணெயும் உண்டு. வேப்பெண்ணெய். நாள் முழுக்கப் புளித்த தண்ணீரில் நிற்கிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் புண் வரும். அதற்குத் தடவ. மூக்கர் இரண்டையும் ஒரே மாதிரி தகர டின்னில் ஊற்றினார். ஒரே உயரம், ஒரே மூடி, ஒரே அழுக்கு. ஒரு அடையாளமும் வைக்கவில்லை. தினமும் இடம் மாற்றி வைப்பார். திருடுகிறவன் அவசரத்தில் மோந்து பார்க்க மாட்டான் என்பது அவர் யோசனை. நாலாம் நாள் முதலாளியின் மச்சான் வேப்பெண்ணெய்த் தலையோடு வந்தார். ஒரு வாரம் அவர் பக்கத்தில் ஈ கூட உட்காரவில்லை. திருட்டு நின்றது.

டின்னின் வாய் சின்னது. கரி படிந்த துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டு எடுத்துத் தட்டில் தேய்ப்பார். நிறம் தெரியாது. மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார், "ம்" என்பார். ஒரே தரம். அந்த "ம்"தான் எங்கள் கம்பெனியின் முத்திரை.

அந்த ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. மூக்கர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது.

"சளியாண்ணா?" என்றாள் மாவு அள்ளும் பழனியம்மாள்.

"எனக்கா? சளியா? தூசு."

அவளை அவர் பார்த்த பார்வையில், திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

டின்னைத் திறந்தார். மோந்தார். மறுபடி மோந்தார். அடுத்த டின்னைத் திறந்தார். திரும்பி முதல் டின்னுக்கு வந்தார். "ம்" வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் தீயைப் பார்த்தேன். அவர் ஒரு டின்னை எடுத்துக்கொண்டார்.

தட்டு சூடேறியது. புகை வந்தது. எனக்கு இருப்பது வெறும் ஓட்டை என்று சொன்னேன். அந்த ஓட்டைக்கே தெரிந்தது. வேப்பெண்ணெய்.

சொல்லியிருக்கலாம். "அண்ணா, டின் மாறிப்போச்சு." மூன்று வார்த்தை. சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள், எல்லார் காலிலும் அதே எண்ணெய் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் பதினொரு தலை அவர் மோந்து பிடித்த தலை. இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்த தலைகள். அவர் மானம் போய்விடும் என்று நினைத்தேன். வறுபடும்போது வாசனை போய்விடும் என்றும் நினைத்தேன். விறகை உள்ளே தள்ளினேன்.

அன்று வறுத்தது முழுக்க அந்த எண்ணெயில்தான். காய்ந்து, மூட்டையாகி, வண்டி ஏறிப் போயிற்று. மறுநாளிலிருந்து நானே முதலில் மோந்து, சரியான டின்னை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

நாலாம் நாள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு ஓட்டல்காரர் தூக்குப்போசியோடு வந்தார். உள்ளே பாயசம்.

"முதலாளி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

முதலாளி குடித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பாயசத்தின் குணம் அதுதான். நாக்கில் இனிக்கும். தொண்டைக்குப் போன பிறகு கசக்கும்.

"மூக்கரைக் கூப்பிடு."

மூக்கர் வந்தார். மூட்டையிலிருந்து ஒரு கை ஜவ்வரிசி எடுத்து மோந்தார். அவருக்கு எதுவும் வரவில்லை. வராததைக் கெட்ட வாசனை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

"சுத்தம்."

"அப்போ என் நாக்கு பொய் சொல்லுதா?" என்றார் ஓட்டல்காரர்.

"அண்ணே, மூக்கர் சொன்னாச் சொன்னதுதான். நீங்க வெல்லத்தைப் பாருங்க" என்றார் முதலாளி.

ஓட்டல்காரர் யோசித்தார். மூக்கரின் பெயர் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் தெரியும். வெல்லக்காரனை ஒரு கை பார்க்கக் கிளம்பிப் போனார்.

பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஐந்து பேர். முதலாளி எங்களைக் கிடங்கில் கூட்டினார்.

"யார் வந்து கேட்டாலும் ஒரே பேச்சு. கசந்தா வெல்லம். எங்க, சொல்லுங்க."

"கசந்தா வெல்லம்" என்றோம்.

குமாஸ்தா எழுந்தார். "மருந்து ஜவ்வரிசின்னு மூட்டையில எழுதிட்டா என்னங்க? வெலையும் கொஞ்சம் ஏத்தலாம்."

"உக்காரு."

ஆத்தூருக்கு வழி கேட்டு வந்த ஒருவரிடம் வாட்ச்மேன், "கசந்தா வெல்லந்தாங்க காரணம்" என்றார். அந்த அளவுக்குப் பாடம் ஏறிவிட்டது.

நானும் கிடங்கில்தான் இருந்தேன். மூக்கர் என் பக்கத்தில் கை கட்டி நின்றார். "நான் மோந்துட்டேன், சுத்தம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. எது பெரிய தப்பு என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். எங்களிடம் ஒரு மூட்டை ஜவ்வரிசி வாங்கிப் போயிருந்தார். எந்த மூட்டை என்று முதலாளிக்கு ராத்திரியே நினைவு வந்துவிட்டது போல. விடியும்போது லாரியை எடுக்கச் சொன்னார். யாராவது கேட்டால் காட்ட, சர்டிபிகேட் மாதிரி மூக்கர். பரிசுக்கு வாங்கிய பித்தளை அண்டாவைத் தூக்க நான்.

திருச்செங்கோடு தாண்டியதும் மூக்கர் தும்மினார். தும்மினார், தும்மினார், லாரி டிரைவர் பயந்து வேகத்தைக் குறைத்தார். அதன் பிறகு அவர் முகம் தெளிந்தது. காவிரிக் காற்று வந்தது. கண்ணை மூடினார்.

"ம்" என்றார். பத்து நாளைக்குப் பிறகு. "கரும்புச் சக்கை எரியுது. பாகு காயுது. நல்ல வெல்லம்."

நான் அண்டாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாயசம் விட்டுக்கொண்டு ஒருவர் வரிசையில் போனார். அவர் போன பின்னால் முகங்கள் மலர்ந்தன. அவர் பத்து இலை தள்ளிப் போனபோது முதல் முகம் சுருங்கியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. வரிசை முழுக்க ஒன்றன் பின் ஒன்றாக, விளக்கு அணைக்கிற மாதிரி.

மாப்பிள்ளையின் தாய்மாமன் டம்ளரை வைத்தார்.

"ஏனுங்க, இதென்ன பாயசமா, கசாயமா?"

எங்கள் முதலாளிக்கு வாய் பழகிப்போயிருந்தது. பந்தலுக்குள் கால் வைத்ததும் சொன்னார்.

"கசந்தா வெல்லந்தாங்க."

அவர் யார் வீட்டில் அதைச் சொன்னார் என்பது அவருக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கேட்டீங்களா" என்றார் தாய்மாமன். "பொண்ணு ஊட்டு வெல்லம். அவுங்க ஆலையில காச்சுனது. மொதப் பந்தியிலயே நமக்குக் கசப்ப ஊத்தறாங்க. எந்திரிங்க எல்லாரும். பொண்ணு அவுங்க ஊட்லயே இருக்கட்டும்."

பாதிப் பந்தி எழுந்தது. பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் காயவில்லை. அவள் அப்பா ஓடி வந்தார். கையில் பரிமாறுகிற கரண்டி இருந்தது.

"எம் பொண்ணு கண்ணாலத்துக்குன்னு தனியாக் காச்சுன வெல்லமுங்க. நாம் பக்கத்துலயே நின்னனுங்க. கசக்காதுங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூக்கர் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு மோந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் போனார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். "ம்" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பாயசத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை.

"மாமா, உக்காருங்க. வெல்லம் நல்ல வெல்லமுங்க. இந்த மாதிரி வெல்லத்தை நான் மோந்ததில்லீங்க. இது வேப்பெண்ணெய். எங்க கம்பெனியில கால்புண்ணுக்குத் தடவறது. டின் மாத்தி எடுத்தது நாந்தான். எனக்குச் சளி."

மற்றதெல்லாம் சுலபமாகச் சொன்னார். கடைசி இரண்டு வார்த்தையில்தான் குரல் உடைந்தது.

"காலுக்குத் தடவறதா?" என்று யாரோ கேட்டார். நாலைந்து பேர் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி இலையை விட்டு அசையவே இல்லை. "ஓடாதீங்கடா. வயித்துப்பூச்சி சாகும்" என்றாள்.

மாப்பிள்ளை டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். "நாங் குடிச்சு முடிச்சுட்டனுங்க மாமா. ஒண்ணும் ஆவல."

தாய்மாமன் அவனைப் பார்த்தார். கரண்டியோடு நின்ற பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "சரி, ஆலைக்காரரே, உங்க வெல்லத்துல பாசிப்பருப்புப் பாயசம் வெய்ங்க. உக்காந்திருக்கறோம்" என்றார்.

ஆலைக்காரர் மூக்கரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்றார். சாயங்காலம் பெண் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வரும்போது முதலாளி முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால், அண்டா இல்லாமல்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா, சாமி?" என்றார் மூக்கர்.

"தெரியும்."

மூக்கர் துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"உம்மேல பயத்து வாசனை வந்திருக்கும். சளியில எனக்குத் தெரியல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. விற்ற மூட்டைகளைத் திருப்பி வாங்கினார். அத்தோடு நின்றிருக்கலாம். திங்கட்கிழமை நாங்கள் போனபோது இரண்டு டின்னிலும் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது. மூக்கர் அதன் முன்னால் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு மூன்றாவது வரைக்கும் படிப்பு.

"என்ன எழுதிருக்கு?"

"இது தேங்கா. அது வேம்பு."

ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தார். "ம்" என்றார், இரண்டு தரம். "சரியாத்தான் எழுதிருக்கான்."

மத்தியானம் வரைக்கும் வறுத்தார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "வாரேன் சாமி" என்றார். வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சேலத்தில் ஒரு பாயின் அத்தர் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"அவரா? நாலு நாள் இருந்தாரு" என்றார் பாய். "வர்றவங்ககிட்டயெல்லாம் 'உங்களுக்கு அத்தர் வேண்டாம், குளிச்சாப் போதும்'னு சொன்னாரு. நாந்தான் கும்பிடு போட்டு அனுப்பி வெச்சேன். எங்க போனாருன்னு தெரியல."

அப்புறம் ஜலகண்டாபுரத்தில் ஒரு செக்கில் இருக்கிறார் என்றார்கள். அங்கும் போனேன். இல்லை.

இப்போது எங்கள் வீட்டு அடுக்களையில் இரண்டு எண்ணெய் டின் இருக்கிறது. பேரன் பெயர் எழுதி ஒட்டினான். நான் கிழித்துவிட்டேன். மோந்துதான் எடுக்கிறேன். எனக்குச் சளி பிடித்தால் மட்டும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எனக்குச் சளி, நீ மோந்து பார்" என்று உடனே சொல்லிவிடுகிறேன்.