மைதானத்தில் எறிந்த மஞ்சள் முடிச்சு

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்க மைதானங்களில் நீதி வழங்கிவரும் அருமை மகன் தனுஷனுக்கு,

அப்பா வீரய்யா எழுதுவது. நானும் உன் தங்கை நிலக்ஷியும் தேயிலைத் தோட்டத்து அட்டைப்பூச்சிகளும் நலம். அம்மா நலமா இல்லையா என்று இதைப் படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல். அதுதானே உன் உத்தியோகம். போனில் பேசினால் அவள் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தொடங்கி, பத்து வருடத்தில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கே நடுவராகிவிட்டாயாம். மிக்க மகிழ்ச்சி. இங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் விசில் ஊதினால் சனம் வேலைக்குக் கிளம்பும். நீ ஊதினால் செய்கிற வேலையை நிறுத்துகிறார்கள். அதற்கும் சம்பளம் தருகிற நாடு நன்றாயிருக்கட்டும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என நான் கேட்கவில்லை. கேட்டவர் கடை ஹலீம் நானா.

நீ அனுப்பிய வீடியோவை நம் லயத்து வரிசை வீடே கூடிப் பார்த்தது. வரிச்சட்டையில் உன்னைக் கண்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கியது. அது அரை நிமிடம். அடுத்து ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுக்க, நீ இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவி எறிந்தாய். அதன் நடுவில் உருண்டையாக ஒரு முடிச்சு. அவ்வளவுதான். "அய்யோ, நேத்திக்கடனுக்கு முடிஞ்ச காச தரையில விட்டெறியிறானே! மாரியாத்தா சும்மா விடுவாளா?" என்று அலறிவிட்டாள். "பூரணி, அது தப்பா ஆடுனா போடுற கொடி, உள்ள இருக்கிறது மணலு" என்றேன். "மஞ்சத்துணியில மணல முடியிறவன் என் வயித்துல பொறக்கல" என்றாள். ஒன்பது முறை எறிந்தாய், ஒன்பதையும் விரல்விட்டு எண்ணினாள். அங்கே உன்னைத் திட்டிய எண்பதாயிரம் பேரும் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவள் வீட்டிலேயே இருக்கிறாள்.

இப்போது வழக்கு இதுதான்: அந்தத் தொழிலை விடாமல் தை மாதம் நிலக்ஷி கல்யாணத்துக்கு வந்தால் நீ வாசற்படி மிதிக்கக் கூடாதாம். "அண்ணன் வராட்டி நான் மணவறையில ஒக்கார மாட்டேன்" என்கிறாள் உன் தங்கை. நோட்டன் பிரிட்ஜ் ஊர் மாப்பிள்ளை வீட்டாரோ பந்தலுக்கே சொல்லிவிட்டார்கள். நடுவில் நான், ஒரு விசில்கூட இல்லாமல். ஆகவே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வா, மகனே. இதை எழுத எனக்கு மனமே இல்லை.

ஆத்தா உனக்கு நல்ல புத்தியும் அந்த ஊர்க் குளிருக்குக் கனமான கம்பளியும் தரட்டும்.

அன்பு அப்பா,
வீரய்யா

பி.கு.: கடிதத்துக்குத் தபால் முத்திரை தேடி சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டேன். மஞ்சள் முடிச்சு ஒன்று வந்தது. உனக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கவேண்டும் என்று பத்து வருடத்துக்கு முன் அம்மா காசு வைத்து முடிந்த நேர்த்தி அது. கோயிலில் செலுத்த மறந்தே போயிருக்கிறாள். அதை அவள் முன்னால் வைத்தேன். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆத்தா குடுத்த வேலையத்தான் விடச் சொன்னேனா?" என்றாள். பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறோம். புள்ளைய வேலைய விடாம வரச்சொல்லுங்க. வரும்போது அந்தத் துணி ஒன்னு கொண்டாரட்டும். இந்த வீட்டுல யாரு மேல எறியணும்னு எனக்குத் தெரியும்."